ஏழு கல் மாலை

மாலைக்குக் கல் பொறுக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு கல்லாடி? அந்த ஆளு கழுத்துல போட்டா ஈ உக்காந்த மாதிரி இருக்கும்" என்று ஃபவுஸ்தினா ஒரு கல்லைக் காலால் உருட்டிவிட்டாள்.

"தூக்கிட்டு மேடை ஏறப் போறது நீயா நானா?" என்றாள் எர்மினியா. "நீ ஏறுறதா இருந்தா சொல்லு, அதோ அந்தப் பாறையையே கட்டித் தர்றேன்."

"எனக்கு எங்க உயரம்? வால்தோ கழுத்துக்கு நான் மாலை போடணும்னா அவன் மண்டி போடணும்."

"போடுவான். எலெக்‌ஷன் வருதுல்ல."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேருக்கு இருமல் வந்தது. சிரிப்பு அதோடு நின்றது.

கடைசியில் ஏழு கல் என்று முடிவாயிற்று. ஒவ்வொன்றும் இரண்டு முஷ்டி சேர்ந்த அளவு. சுரங்கத்தில் வெடி வைத்து மிஞ்சிய கம்பியால் ஒவ்வொரு கல்லையும் கூடைபோலப் பின்னி, கோத்து முறுக்கினார்கள். கழுத்தில் படுகிற இடத்தில் பழைய பாவாடைத் துணியைச் சுற்றச் சொன்னாள் எர்மினியா. "அவன் கழுத்து அறுந்தா என்னைத்தானே பிடிப்பாங்க." முடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டியின் கனம் இருந்தது.

நூறு வருஷமாகச் சுரங்கம் துப்பிய கழிவுக்கல் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. ஆண்கள் வேண்டாம் என்று எறிந்ததை உடைத்து, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளீயத்தைப் பொறுக்குவது பெண்களின் வேலை. நாற்பத்தொரு பேர். முக்கால்வாசிப் பேர் புருஷனைச் சுரங்கத்தின் தூசிக்குக் கொடுத்தவர்கள். மேட்டில் ஆளுக்கொரு இடம் உண்டு, இடத்துக்கொரு எண் உண்டு. எர்மினியாவுடையது பதினேழு. ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு உலகத்தில் சொத்து என்று சொல்ல அந்தப் பதினேழாம் எண்தான் இருந்தது. பெண் உள்ளே நுழைந்தால் தாது ஓடி ஒளிந்துகொள்ளும் என்று சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். கீழே ஊரில் துணி துவைக்கப் போகலாம் என்றால், இந்த விரல்கள் ஈரத்தில் மடங்காது.

அந்த மேட்டைத்தான் வேலி போட்டு ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முதலில் பேச்சு வந்தது, அப்புறம் இரண்டு பேர் முக்காலியில் கருவி வைத்து நிலத்தை அளந்தார்கள், அப்புறம் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகள் நடப்பட்டன. எர்மினியாவின் இடத்துக்கு நடுவிலேயே ஒரு குச்சி. அதில் அவள் சாப்பாட்டுத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மேயர் வேட்பாளர்கள் இரண்டு பேர். இரண்டு பேரிடமும் போய்க் கேட்டாயிற்று. பச்சைக் கட்சி வால்தோ இரியார்த்தே, "பேசுவோம்" என்றான். ஆரஞ்சுக் கட்சி மிர்த்தா சலினாஸ், "ஆய்வு செய்வோம்" என்றாள். அவள் இன்ஜினியர்.

அதனால்தான் மாலை.

அவர்கள் ஊரான சாய்ரபம்பாவில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு மாலை போடுவார்கள். பூவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வெங்காயம் விளைகிற கிராமம் வெங்காய மாலை போடும், ரொட்டி சுடுகிறவர்கள் ரொட்டியைக் கோத்துப் போடுவார்கள். வந்தவர் தலை குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். உடனே இன்னொருத்தி அவர் உச்சந்தலையில் ஒரு கை காகிதப்பொடியைத் தூவுவாள். குனிய மாட்டேன் என்றவன் அந்த ஊரில் ஜெயித்ததில்லை. "நாம தினம் தூக்குறதை அவங்க அஞ்சு நிமிஷம் தூக்கட்டும். கனத்துல கழுத்து வளையட்டும், ஊரே பாக்கட்டும். அப்பக் காகிதத்தை நீட்டுவோம். மேட்டைத் தொடமாட்டேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் கழட்டுவோம்" என்று சங்கக் கூட்டத்தில் தலைவி ஃபவுஸ்தினா சொன்னபோது நாற்பத்தொரு கையும் உயர்ந்தது. இரண்டு வேட்பாளருக்கும் ஒரே மாதிரி. ஒருத்தருக்கு மட்டும் செய்தால் மற்றவரின் ஆள் என்று பேர் வந்துவிடும். சங்கத்தின் பேரைச் சொல்லிக் கட்சிக்குப் போனவளுக்கு மேட்டில் இடம் இல்லை என்று புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். எல்லாரிலும் உயரமானவள் என்று எர்மினியாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நாற்பத்தொரு பேரில் ஒருத்திக்கும் அது தெரியவில்லை.

*

சனிக்கிழமை பச்சைக் கட்சிக் கூட்டம் கால்பந்து மைதானத்தில் நடந்தது. ஒரு மணி நேரம் இறங்கி நடந்து போனார்கள். மைதான வாசலில் பச்சைத் தொப்பியும் ஆளுக்கு இரண்டு ரொட்டியும் கொடுத்தார்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு தொப்பியை வேண்டாம் என்றார்கள். வெடி போட்டார்கள், பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதினார்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு வால்தோ வந்தான். மாலை போட வரிசை நின்றது. எர்மினியாவின் முறை வந்தபோது அவள் தோள் ஏற்கெனவே மரத்துப் போயிருந்தது.

வால்தோ கல்லைப் பார்த்தான். ஒரு கண்சிமிட்டும் நேரம் அவன் முகம் மாறியது. அதை எர்மினியா மட்டும்தான் பார்த்தாள். அப்புறம் அவன் குனிந்தான். சாதாரணக் குனிதல் இல்லை, இடுப்பு வரைக்கும். அவள் போட்டாள். அவன் அந்தக் கனத்தோடு நிமிர்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, ஒலிபெருக்கியில் கத்தினான்:

"கல்மேட்டுத் தாய்மார்கள் தங்களோட பாரத்தை எங்கிட்ட ஒப்படைச்சிருக்காங்க! இந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன்!"

மைதானம் அதிர்ந்தது. வாத்தியம் வெடித்தது. யாரோ ஒருத்தி ஓடிவந்து அவன் தலையில் காகிதப்பொடியைக் கொட்டினாள். பாதி எர்மினியா தலையில் விழுந்தது. அவன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். கல் அவள் விலாவில் குத்தியது.

"கையெழுத்து" என்று அவள் காகிதத்தை நீட்டினாள்.

வால்தோ அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். மடித்துப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தான். "பத்திரமா வை. அம்மா, கண்டிப்பாப் படிக்கிறேன்."

"படிக்கிறதுக்கு இல்ல, போடுறதுக்கு" என்றாள் அவள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. அடுத்தது வெங்காய மாலைக்காரர்கள். அவளை மெதுவாக ஓரம் தள்ளினார்கள்.

திரும்பும்போது மேடைக்குப் பின்னால், லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஏழு கல்லும் மண்ணில் கிடந்தன. நல்ல கம்பி. அவள் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா அவன் நடிப்பை?" என்றாள் ஃபவுஸ்தினா.

"கழுத்து வலிச்சிருக்கும்."

"ஒரு நிமிஷம் வலிச்சிருக்கும்."

ஏற்றத்தில் அதற்கு மேல் பேச யாருக்கும் மூச்சு இல்லை.

*

செவ்வாய்க்கிழமை காலை எர்மினியாவின் கதவுக்கு வெளியே ஒரு சர்க்கரை மூட்டை இருந்தது. மூட்டையில் பச்சை நாடா கட்டியிருந்தது. அதற்கு மேல் ஒரு சுவரொட்டி: வால்தோ கல்மாலையோடு நிற்கிறான், பக்கத்தில் எர்மினியா, தலையெல்லாம் காகிதப்பொடி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். உதடு இழுபட்டு இரண்டு பல் இல்லாத இடம் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில்: "கல்மேடு எங்களோடு."

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. கிழவியாகிவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம்தான் மற்றது.

மூட்டையை உள்ளே இழுத்தால் திருடி என்பார்கள். வெளியே விட்டால் ஒளித்துவைக்க நேரமில்லை என்பார்கள். முதுகுத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். அவள் போவதற்கு முன்னாலேயே சுவரொட்டி போயிருந்தது. எல்லாரும் அவரவர் இடத்தில் உட்காராமல், தேநீர் காய்ச்சுகிற அடுப்பைச் சுற்றி நின்றார்கள்.

"வாங்க மேயரம்மா" என்றாள் ஒருத்தி.

"மேயரு இல்லடி, மேயரு பொண்டாட்டி. கட்டிப்பிடிச்சிருக்கான் பாரு."

"எத்தனை மூட்டை?"

"ஒண்ணு" என்று எர்மினியா மூட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கினாள். "பிரிக்கல. எண்ணிப் பாத்துக்கோங்க, சர்க்கரையை."

சங்கப் புத்தகம் வைத்திருக்கிற தெயோதொரா புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஐந்து பேரில் ஒருத்தி. அதனாலேயே எழுதியது எதையும் மாற்றக்கூடாது என்று நினைப்பவள். "சங்கத்தின் பேரில் கட்சிக்கு ஆதரவு கொடுத்தவர் இடத்தை இழப்பார். இது பத்து வருஷமா இருக்கு. நான் எழுதல, எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதுனது."

"நான் எங்க ஆதரவு குடுத்தேன்? நீங்க எல்லாரும் கை தூக்கித்தானே அனுப்புனீங்க?"

"கல்லைப் போடத்தான் அனுப்புனோம். சிரிக்க அனுப்பல."

"சிரிக்கல. வெயிலு."

"வெயில்ல நானும்தான் நின்னேன். எனக்குச் சிரிப்பு வரலயே."

யாரோ மூட்டையின் ஓரத்தைப் பிரித்தார்கள். அன்றைக்குத் தேநீரில் சர்க்கரை அள்ளிப் போட்டார்கள். பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கை மென்றுகொண்டு, தித்திப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு எர்மினியாவை விசாரித்தார்கள். எர்மினியாவுக்கும் ஒரு குவளை வந்தது. அவளும் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஃபவுஸ்தினா இதுவரை வாயைத் திறக்கவில்லை. எர்மினியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள். இருபது வருஷமாக இருவரும் ஒருவரை ஒருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"யோசனை என்னுது. மாலையின்னா மரியாதைன்னு எனக்குத் தோணிருக்கணும். கல்லுல கட்டுனாலும் மாலை மாலைதான். தோணல." கோகா இலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "ஆனா இப்ப ஊரு நம்மளைப் பச்சைன்னு சொல்லுது. நாளைக்கு ஆரஞ்சு ஜெயிச்சா முதல் வேலையா வேலி போடுவா. பச்சை ஜெயிச்சாலும் போடுவான், அது வேற. வெள்ளிக்கிழமை இன்ஜினியரம்மா கூட்டம். கோமாத்ரே, அவ கழுத்துலயும் நீதான் போடணும். அதே மாலை. ரெண்டும் சமமாயிரும். போட்டேன்னா பதினேழு உனக்கு. போடலேன்னா..."

"போடலேன்னா?"

"புத்தகத்துல என்ன இருக்கோ அது."

தெயோதொரா எழுதினாள். எழுதி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள், அவள் மெதுவாகத்தான் எழுதுவாள். பிறகு ஒவ்வொருத்தியும் பெருவிரலை மைப்பெட்டியில் ஒற்றி வைத்தாள். எர்மினியாவும் தன் தண்டனைக்குக் கீழே விரல் வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை வரை அவள் கல் உடைத்தாள். சுத்தியல் விழுகிற இடைவெளியில் யோசித்தாள். யோசிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. மாலையைப் போட வேண்டும், அந்த அம்மாள் குனிவாள், நிமிர்ந்து கையைத் தூக்குவாள், பாரத்தைச் சுமக்கிறேன் என்பாள். வால்தோ செய்ததைப் பார்க்காமலா இருப்பாள்? படித்தவள், அவனைவிட நன்றாகவே செய்வாள். ஊரில் இரண்டு சுவரொட்டி இருக்கும், இரண்டிலும் எர்மினியா பல் தெரிய நிற்பாள். அவளுக்கு இடம் கிடைத்துவிடும். இடத்துக்கு நடுவில் சிவப்புக் குச்சியும் இருக்கும்.

சந்தைச் சதுக்கத்தில் ஒரு லாரியின் பின்பக்கத்தைத் திறந்து மேடையாக்கியிருந்தார்கள். ஏறுவதற்கு இரும்பு ஏணி. பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்ததுமே ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"பச்சைக் கிழவிங்க வந்துருச்சு!"

"சர்க்கரை தீந்துபோச்சா? இங்க அரிசி குடுக்குறாங்க, வரிசையில நில்லுங்க!"

"உங்கம்மா எங்களோட கல்லு உடைச்சவதாண்டா, பாலினோ" என்று ஃபவுஸ்தினா ஒருவனைப் பார்த்துச் சொன்னாள். "அவ இருந்திருந்தா உன் வாயில இந்தக் கல்லைத் திணிச்சிருப்பா." அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஆரஞ்சுப் பழத்தோல் ஒன்று பறந்துவந்து தெயோதொராவின் புத்தகத்தில் பட்டது. அவள் அட்டையைத் துடைத்துக்கொண்டாள்.

மேடையில் இருந்தவர்கள் மட்டும் தடுக்கவில்லை. கல்மாலையைத் தூக்கிக்கொண்டு எர்மினியா வருவதைப் பார்த்ததும் அவர்களே வழிவிட்டார்கள். ஒருவன் கைகொடுத்து ஏற்றிவிட்டான். இரண்டு காமெரா அவள் பக்கம் திரும்பின. அவர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

மிர்த்தா சலினாஸ் முன்னால் வந்தாள். சிறிய, சுத்தமான முகம். வெயிலில் தோல் உரிந்திருந்தது. அவளும் களைத்துத்தான் போயிருந்தாள்; நாளுக்கு ஐந்து கூட்டம். பக்கத்தில் காகிதப்பொடிக்காரி ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு தயாராக நின்றாள். மிர்த்தா புன்னகைத்து, தொப்பியைக் கழற்றி, குனிந்தாள்.

எர்மினியா மாலையை இரண்டு கையாலும் தூக்கினாள். குனிந்த தலையில் நரைமுடி வேருக்குப் பக்கத்தில் வெளுப்பாகத் தெரிந்தது. எர்மினியாவின் கை அங்கேயே நின்றது.

அவள் இதைத் திட்டம் போடவில்லை. கைதான் இறங்க மறுத்தது. நாள் முழுக்கச் சுத்தியல் தூக்குகிற கைக்குச் சில சமயம் அப்படி ஆகும், எத்தனை அடி போட்டாலும் கல் உடையாது என்று தெரிந்தால் அதுவாகவே நின்றுவிடும்.

"போடுங்கம்மா" என்றாள் மிர்த்தா, குனிந்தபடியே, மெல்ல.

"முதல்ல காகிதம்."

"அதை அப்புறம் பேசுவோம். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தானே வந்தோம்."

மாலையின் கனம் முழங்கைக்கு இறங்கியது. எர்மினியா ஒரு கையால் மாலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையால் ரவிக்கைக்குள்ளிருந்து இவளுக்கென்று எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். குனிந்திருந்தவளின் கண்ணுக்கு நேராக அது நின்றது.

"மேட்டைத் தொடமாட்டேன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. ரெண்டு வரி."

"எங்கிட்ட பேனா இல்ல."

"மைப்பெட்டி இருக்கு. பெருவிரல் போதும். நாங்க எல்லாரும் அப்படித்தான் வைக்கிறோம்."

கீழே கூட்டம் சத்தத்தைக் குறைத்தது. மாலை விழ இவ்வளவு நேரம் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். வாத்தியக்காரர்கள் உதட்டில் குழலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பொடிக்காரி கையை உயர்த்தியபடி நின்றாள், விரலிடுக்கில் காகிதம் ஒழுகியது. குனிந்த தலை குனிந்தே இருந்தது. நிமிர்ந்தால் மாலை வாங்காமல் நிமிர்ந்தவள் ஆவாள். நிமிராவிட்டால் இப்படியே நிற்க வேண்டும்.

"என்னை அவமானப்படுத்துறீங்க" என்றாள் மிர்த்தா.

"இல்ல தாயி. காத்திருக்க வைக்கிறேன். நாங்க ரெண்டு வருஷமா நிக்கிறோம், நீங்க ரெண்டு நிமிஷம்."

"என்னால இப்ப முடியாது. அந்த ஒப்பந்தத்துல எனக்கு மேல இருக்கிறவங்க..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் தெரியாமல் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று எர்மினியா நினைத்தாள். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

"அப்ப வேலி போடத்தான் போறீங்க."

 கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து யாரோ ஒரு விசில் அடித்தான். அப்புறம் ஒரு பத்துப் பேர். மிர்த்தா மெதுவாக நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. பொடிக்காரி என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் திறந்துவிட்டாள். காகிதப்பொடி லாரியின் தரையில் விழுந்தது.

இரண்டு பேர் எர்மினியாவின் கையைப் பிடித்து ஏணிப்பக்கம் தள்ளினார்கள். ஏணியில் இறங்க இரண்டு கையும் வேண்டும். மாலையை எங்கே வைப்பது? தூக்கி எறிந்தால் கீழே நிற்பவர்கள் தலையில் விழும். அவள் அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். ஏழு கல்லும் மார்பில் மோத, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள். வாத்தியம் ஒரு வழியாக ஆரம்பித்தது. ஆனால் மேளக்காரன் ஒரு பக்கமும் குழல்காரன் ஒரு பக்கமுமாகப் போனார்கள்.

*

பாதி ஏற்றம் வந்திருந்தார்கள். துணி நழுவி, கம்பி எர்மினியாவின் பின்கழுத்தை உரித்திருந்தது. ஒரு திருப்பத்தில் ஃபவுஸ்தினா நின்றாள். மாலையை அவள் தலைவழியாகக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"போடச் சொன்னோம்ல, கோமாத்ரே" என்றாள். "போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல."

"போட்டிருந்தா ரெண்டு சுவரொட்டி."

"போடாததால உனக்கு இடம் போகும்."

"தெரியும்."

"தெரிஞ்சா செஞ்ச?"

"கை இறங்கல."

ஃபவுஸ்தினா பத்தடி நடந்தாள். மூச்சு வாங்க நின்றாள். "எவ கட்டச் சொன்னா இவ்வளவு பெரிய கல்லா?"

"நீதான்."

"வாயை மூடு."

மறுநாள் காலை அடுப்பைச் சுற்றிக் கூட்டம். தெயோதொரா வாசித்தாள்: "எர்மினியா காலிசாயா, இரண்டாவது வேட்பாளருக்கு மாலை போட வேண்டும். போட்டால் பதினேழாம் இடம் தொடரும். போடாவிட்டால் போகும்." கண்ணாடியைக் கழற்றினாள். "மாலை போடப்படல. நானே பாத்தேன்."

"ஊரே பாத்துச்சு" என்றாள் ஒருத்தி. "அந்தம்மா குனிஞ்சு நிக்கிறது எல்லார் ஃபோன்லயும் ஓடுது. எம் மச்சினி ஆரஞ்சுக்காரி, அவளே கேக்குறா, ரெண்டு வரியில கையெழுத்துப் போட என்ன கஷ்டம்னு. இத்தனை நாளுல ஒருத்தராவது காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு கேட்டிருப்பாங்களா?"

"அது வேற. புத்தகத்துல இருக்கிறது வேற."

"புத்தகத்துல மேடு போகும்னும் எழுதி வைக்கட்டுமா?"

சத்தம் கிளம்பியது. எர்மினியா பேசவில்லை. பேச வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கழுத்துக் காயம் எரிந்தது, ராத்திரி தூங்கவில்லை, தன் பக்கத்து நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்கிற தெம்பு அவளிடம் இல்லை. குவளையை நீட்டினாள். சர்க்கரை இன்னும் இருந்தது.

இன்னொருத்தி ஃபோனைத் தூக்கிக் காட்டினாள். "இதைப் பாருங்கடி முதல்ல. பச்சைக்காரன் காலையிலயே போட்டுட்டான்." குனிந்த மிர்த்தா, மேலே மாலையோடு எர்மினியா. அடியில் எழுத்து: "கல்மேடு எங்களோடு. ஆரஞ்சை மறுத்தது."

 காற்று மேட்டின் தூசியைக் கிளப்பி அடுப்பில் போட்டது.

"எதைச் செஞ்சாலும் திங்கிறானுங்க" என்றாள் ஃபவுஸ்தினா.

அப்போதுதான் எர்மினியா வாயைத் திறந்தாள். "வியாழக்கிழமை வால்தோவோட கடைசிக் கூட்டம்."

"அதுக்கு?"

"அவனும் குனியட்டும். அவனும் நிக்கட்டும்."

"அவன் உஷாராயிருப்பான். குனிய மாட்டான்."

"குனியாட்டி இன்னும் நல்லது. குனியாதவன் இந்த ஊருல ஜெயிச்சிருக்கானா?"

தெயோதொரா புத்தகத்தை மூடவில்லை. "முதல்ல இதுக்கு ஓட்டு. இடம் இருக்கா இல்லையா. இருக்குன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. வேகமாக உயர்ந்தவை சில. பக்கத்தில் பார்த்துவிட்டு உயர்ந்தவை பல. பாதிக்குக் கொஞ்சம் மேல். ஃபவுஸ்தினாவின் கை முதலிலேயே உயர்ந்திருந்தது. தெயோதொரா கை தூக்கவில்லை. தூக்காமலே எழுதினாள், மைப்பெட்டியைச் சுற்றுக்கு விட்டாள், பிறகு எழுந்து வழக்கம்போல வருகைப் பதிவை வாசித்தாள். பதினாறு வரைக்கும் வந்தாள்.

"பதினேழு."

"இருக்கேன்" என்றாள் எர்மினியா.

எல்லாரும் அவரவர் இடத்துக்குக் கலைந்தார்கள். எர்மினியா சாப்பாட்டுத் துணியைச் சிவப்புக் குச்சியில் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஃபவுஸ்தினா மாலையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டாள், தன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமைக்கு அஞ்சு கல்லு போதும், கோமாத்ரே. ரெண்டை எடுத்துரு."

எர்மினியா முறுக்கிய கம்பியைப் பார்த்தாள். அதைப் பிரிக்க இடுக்கி வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும், மடங்குகிற விரல் வேண்டும்.

"ஏழே இருக்கட்டும்" என்றாள். "யாரு உக்காந்து அவுக்குறது?"

சுத்தியலை எடுத்தாள்.